நீர்மூழ்கிக் கப்பலும் கணக்கில் வராத யுரேனியமும்

2021 செப்டம்பரில் ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் சேர்ந்து ஆக்கஸ் கூட்டணியை அறிவித்தன. ஆஸ்திரேலியாவுக்கு அணுசக்தியால் இயங்கும் நீர்மூழ்கிக் கப்பல்கள் கிடைக்கும் என்பதே அதன் முக்கியச் செய்தி. இவ்வட்டாரத்தில் அது அணுவாயுதப் போட்டியைத் தூண்டிவிடலாம் என்று அப்போதைய மலேசியப் பிரதமர் டத்தோஸ்ரீ இஸ்மாயில் சப்ரி யாக்கோப் கவலை தெரிவித்தார். இந்தோனேசியாவும் கவலைப்பட்டது.

இங்கே பலர் ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். இந்தக் கப்பல்களில் அணுகுண்டு இருக்காது. கப்பலை ஓட்டும் இயந்திரம் மட்டுமே அணுசக்தியில் வேலை செய்கிறது. அப்படியானால் அச்சம் எதற்கு? எரிபொருளுக்காகத்தான்.

1970-இல் நடப்புக்கு வந்த அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தப்படி, அணுவாயுதம் இல்லாத நாடுகள் தங்களிடமுள்ள யுரேனியத்திற்கு அனைத்துலக அணுசக்தி நிறுவனத்திடம் கணக்குக் காட்ட வேண்டும். ஆய்வாளர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள், முத்திரை வைப்பார்கள். ஆனால் ஒப்பந்தம் தடை செய்வது வெடிகருவியைத்தான். ராணுவப் பயன்பாடு முழுவதையும் அல்ல. அந்த நிறுவனத்தின் மாதிரி உடன்படிக்கையில் 14-ஆம் பத்தி என்று ஒன்று உண்டு. கடற்படைக் கப்பலுக்கு எரிபொருள் வேண்டும் என்றால், அந்த யுரேனியத்தைக் குறிப்பிட்ட காலத்திற்குக் கண்காணிப்பிலிருந்து வெளியே எடுக்க அது இடம் தருகிறது. எவ்வளவு எடுக்கப்பட்டது என்பதை நிறுவனத்திடம் சொல்ல வேண்டும். கப்பலின் ராணுவ ரகசியங்களைச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக் கணக்கை எல்லாம் காட்டிவிட்டு, ஒரு பெட்டியை மட்டும் திறக்க மாட்டேன் என்பதைப் போன்றது இது.

அந்தப் பெட்டியில் இருப்பது சாதாரணப் பொருளா? அமெரிக்க, பிரிட்டிஷ் நீர்மூழ்கிகள் 90 விழுக்காட்டுக்கு மேல் செறிவூட்டப்பட்ட யுரேனியத்தில் ஓடுகின்றன. குண்டு செய்வதற்கும் அதே தரம்தான். நிறுவனத்தின் கணக்கில் 25 கிலோ ஒரு குண்டுக்குப் போதும். ஒரு கப்பலில் அதைப்போல் பல மடங்கு இருக்கும். பிரான்ஸ் குறைந்த செறிவில் கப்பல் ஓட்டிக்காட்டுகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

முத்திரையிட்ட அணு உலையாகவே வரும், கப்பலின் ஆயுள் முழுக்க எரிபொருள் மாற்ற வேண்டியதில்லை, உள்நாட்டில் செறிவூட்ட மாட்டோம் என்கிறது ஆஸ்திரேலியா. அதை நம்பலாம். சிக்கல் ஆஸ்திரேலியாவோடு நிற்காது என்பதுதான். 1987-இல் கனடா இப்படிக் கப்பல் வாங்கத் திட்டமிட்டு, 1989-இல் கைவிட்டது. அதனால் 14-ஆம் பத்தி பல ஆண்டுகள் ஏட்டிலேயே கிடந்தது. ஆனால் தானே யுரேனியம் செறிவூட்டும் பிரேசில், தன் கப்பலுக்காக 2022-இல் நிறுவனத்துடன் பேச்சைத் தொடங்கியது. ஈரான் 2018-இலேயே அத்தகைய திட்டம் இருப்பதாக அறிவித்தது. ஆஸ்திரேலியாவுக்குச் சரி என்றதை ஈரானுக்கு மட்டும் எப்படி மறுப்பது?

எனவே வியன்னாவில் எழுதப்படும் வாசகமே முக்கியம். உலை கப்பலில் ஏறும் வரையிலும், கப்பல் ஓய்வு பெற்று உலை இறங்கிய பிறகும் ஆய்வாளர் பார்க்க வழி இருக்கிறதா என்று தென்கிழக்காசிய நாடுகள் கேட்க வேண்டும். நிறுவனத்தின் ஆளுநர் மன்றத்தில் 35 நாடுகள் அமர்கின்றன. ஆசியானிலிருந்து அங்கே இடம்பெறும் நாடு எதுவானாலும் இந்தக் கேள்வியைத் தயாராக வைத்திருக்கட்டும்.