புகையிலை: போகாத சொல்



சீனிச் சர்க்கரைப் புலவர் என்னும் பெயர் தமிழ் பயின்றவர்களுக்கும் இன்று புதிதாக ஒலிக்கலாம். பெயரிலே இருமுறை இனிப்பைத் தாங்கிய இவர் பாடியதோ காரமானதொரு பொருளை. பழனி முருகனிடம் காதல் கொண்ட தலைவியொருத்தி புகையிலையைத் தூது அனுப்புவதாக அமைந்தது இவருடைய 'புகையிலை விடு தூது'. 59 கண்ணிகளே கொண்ட இச்சிறுநூலை உ.வே.சாமிநாதையர் 1939இல் பதிப்பித்தார்.

அன்னம், கிளி, முகில், தென்றல் ஆகியவற்றைத் தூது விடுவது பழைய மரபு. போர்த்துகீசியர் வழியே இந்தியாவுக்கு வந்த இலைக்கு அவ்வரிசையில் இடம் தேடியவர் நம் புலவர். அதற்கு அவர் கையாண்ட புராணக் கதை சுவையானது. மும்மூர்த்திகளிடம் மூன்று இலைகள் ஒப்படைக்கப்பட்டன. சிவனுடைய வில்வத்தைக் கங்கையும், திருமாலுடைய துளசியைப் பாற்கடலும் கொண்டுபோயின. பிரமனுடைய இலையைக் கலைமகள் காத்து வைத்திருந்தாள். அது 'போகையிலை', அதாவது போகவில்லை. அதுவே புகையிலை ஆயிற்றாம்.

மொழியியலார் என்ற முறையில் நாம் இதை ஏற்பதற்கில்லை. புகை, இலை என்னும் இரு சொற்களின் தெளிவான கூட்டு இது. தெலுங்கின் பொகாகு, கன்னடத்தின் ஹொகெசொப்பு, சிங்களத்தின் தும்கொள ஆகியவையும் இதே பொருளில் அமைந்தவை. எனினும், பிழையான இச்சொல்விளக்கம் ஓர் உண்மையைச் சொல்கிறது. அந்நியச் சொல்லுக்கு எவரும் புராணம் கட்டுவதில்லை. பண்டம் கடல் கடந்து வந்தது. பெயரோ, தொன்றுதொட்டு வழங்குவதுபோல் மக்கள் நாவில் நிலைத்துவிட்டது.

இனி, நம் அண்டை மொழியைப் பார்ப்போம். மலாய்மொழி போர்த்துகீசியச் சொல்லை ஏற்றுத் 'தெம்பாக்காவ்' என்றது. ஆனால், சுருட்டை அது 'செருத்து' என்கிறது. அது தமிழ்ச் சொல். ஆங்கிலத்தின் 'செரூட்' என்பதற்கும் மூலம் அதுவே. வந்த பண்டத்துக்குத் தன் வேர்களிலிருந்தே பெயரிட்ட மொழி, பிறர்க்கும் ஒரு சொல்லைக் கடனாகக் கொடுத்தது.

புகையிலையின் தீங்கை இன்று அறிவோம். அதைப் போற்ற வேண்டியதில்லை. ஆனால், புதிய பொருள் வரும்போதெல்லாம் தமிழில் சொல் இல்லையே என்று தயங்கும் நமக்கு இச்சிறுநூல் ஒரு சான்று. பெயரிட்டவர்கள் புலவர்கள் அல்லர்; விதைத்தவர்கள், உலர்த்தியவர்கள், விற்றவர்கள். அவர்கள் வழங்கிய சொல்லையே புலவர் பாட்டில் ஏற்றினார். நம் வீடுகளிலும் தொழிலிடங்களிலும் தமிழ் நாள்தோறும் புழங்கினால், நம் சொற்களும் போகா.