தலைவர் தேர்தலும் நம் தராசும்
(மாரண்டஹள்ளிப் பொதுக்கூட்டத்தில் பேசியது)



இக்கூட்டத்திற்கு வரும் வழியில் ஒரு பலகாரக் கடையில் சற்று உட்கார்ந்தோம். சுவரிலே பிள்ளையார், பக்கத்தில் லட்சுமி, அதற்கடுத்து இராணுவ உடுப்போடு சுபாஷ் சந்திர போஸ். மூன்று படங்களுக்கும் ஒரே ஊதுவத்தி. கடைக்காரரிடம், "இவர் கொள்கை என்ன அய்யா?" என்று கேட்டோம். "அதெல்லாம் தெரியாதுங்க. பெரிய வீரருங்க. இன்னும் சாகலைங்க" என்றார்.

1945 ஆகஸ்டு 18ஆம் தேதி தைப்பேயில் நடந்த விமான விபத்தால் போஸ் இறந்தார் என்று 1956இல் ஒரு கமிட்டியும், 1974இல் ஒரு கமிஷனும் முடிவு சொல்லின. பிறகு வந்த முகர்ஜி கமிஷன் விபத்தில் சாகவில்லை என்றது. அதை 2006இல் சர்க்கார் ஏற்கவில்லை. அந்த முகர்ஜி கமிஷன்கூட அவர் உயிரோடிருப்பதாகச் சொல்லவில்லை. 1897இல் பிறந்தவருக்கு இன்று வயதென்ன என்று கணக்குப் போட்டாலே போதும். ஆனால் ஊதுவத்திப் புகையில் கணக்குத் தெரிவதில்லை!

நிற்க. இன்று நாம் பேச வந்தது அந்தப் படத்தைப் பற்றியல்ல. போஸ் என்பவர் ஒரு காலத்தில் ஓட்டுக் கேட்ட ஓர் அபேட்சகர். அந்த அபேட்சகரை எப்படி நிறுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பதே நம் விஷயம்.

அமெரிக்காவில் ஒவ்வொரு கட்சியும் ஜனாதிபதி அபேட்சகரைப் பொறுக்குவதற்கு முன்னால் கட்சிக்குள்ளேயே மாகாணம் மாகாணமாக ஓட்டு எடுக்கிறார்கள். உள்நாட்டில் வரி என்ன, வைத்தியச் செலவு யார் தலையில், வெளிநாட்டில் யாரோடு சண்டை, யாரோடு உறவு என்று கேட்டுத் துளைக்கிறார்கள். நம் நாட்டிலோ கட்சித் தலைவர் என்றால் ஏகமனதாக மாலை போடுவதுதான் வழக்கம். காங்கிரசில் 2022இல் கார்கே அவர்களும் சசி தரூர் அவர்களும் போட்டியிட்டபோது, அவர்களுடைய கொள்கையில் என்ன வித்தியாசம் என்று இவ்வூரில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? 7,897 ஓட்டு, 1,072 ஓட்டு என்ற எண்ணிக்கை மட்டும் பத்திரிகையில் வந்தது.

ஆனால் 1939 ஜனவரி 29ஆம் தேதி நடந்த காங்கிரஸ் தலைவர் தேர்தல் அப்படிப்பட்டதல்ல. முந்திய ஆண்டு ஹரிபுராவில் போட்டியின்றித் தலைவரான போஸ், மறுபடியும் நின்றார். மௌலானா ஆசாத் விலகிக்கொள்ள, எதிரே நின்றவர் மசூலிப்பட்டணத்து டாக்டர் பட்டாபி சீதாராமய்யா. வல்லபாய் பட்டேல் முதலான காரியக் கமிட்டிக்காரர்கள் ஓர் அறிக்கை விட்டார்கள். கொள்கையை வகுப்பது தலைவரல்ல, கமிட்டிதான். ஆகையால் இந்தத் தேர்தலில் கொள்கைப் பேச்சுக்கே இடமில்லை என்பது அதன் சாரம். அதற்குப் போஸ் சொன்ன பதில், சுதந்திர நாடுகளில் நடப்பதுபோல் திட்டமான பிரச்சினைகளையும் வேலைத்திட்டத்தையும் வைத்தே தேர்தல் நடக்க வேண்டும், காங்கிரஸ் தலைவர் அமெரிக்க ஜனாதிபதியைப் போன்றவர் என்பது. இந்த ஒரு விஷயத்தில் நாம் தயக்கமில்லாமல் போஸ் பக்கமே. கொள்கையைக் கேட்காதே, ஓட்டைப் போடு என்பதும், அர்த்தத்தைக் கேட்காதே, மந்திரத்தைச் சொல் என்பதும் ஒன்றுதானே?

சரி, அவர் கொள்கையைத்தான் பார்ப்போம். ஹரிபுரா தலைமையுரையில் ஜமீன்தாரி முறை ஒழிய வேண்டும் என்றார். குடியானவன் கடன் தீர வேண்டும், குறைந்த வட்டியில் பணம் கிடைக்க வேண்டும் என்றார். தொழில்கள் திட்டம் போட்டு வளர வேண்டும் என்றார். சொன்னதோடு நில்லாமல் 1938இலேயே தேசியத் திட்டக் கமிட்டி ஏற்படச் செய்தார். இருக்கிற ஜனங்களுக்குச் சோறும் துணியும் படிப்பும் கொடுக்க முடிகிற வரையில் ஜனத்தொகையைக் கட்டுப்படுத்துவது நல்லது என்றும் சொன்னார். எந்த முறையில் என்று சொல்லாமல் நழுவினார் என்பது உண்மை. ஆனாலும் பிள்ளை கடவுள் கொடுப்பது என்றிருந்த காலத்தில், கர்ப்பத்தடைக் கருவிகளைக் காந்தியார் கண்டித்து வந்த காலத்தில், காங்கிரஸ் தலைமைப் பீடத்திலிருந்து இதைச் சொன்னது பெரிய காரியம். இந்தத் தட்டில் எடை அதிகம்தான்.

தலைவர் கொள்கைக்கும் நம் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்களானால், இவ்வூர் அப்போது சேலம் ஜில்லாவிலிருந்தது என்பதை ஞாபகப்படுத்துகிறோம். 1937 அக்டோபர் 1ஆம் தேதி ஆச்சாரியார் மந்திரிசபை முதன்முதல் மதுவிலக்கைக் கொண்டுவந்தது இந்த ஜில்லாவில்தான். வருமானம் குறைந்தது, 1939இல் விற்பனை வரி வந்தது. கொள்கை எங்கோ மகாநாட்டில் பிறக்கிறது. அதற்கான காசு உங்கள் மளிகைக் கடையில் வசூலாகிறது.

மொழி விஷயத்திற்கு வருவோம். ஹரிபுரா உரையில் போஸ் மாகாணங்களுக்கும் சிறுபான்மையோருக்கும் கலாச்சார உரிமை வேண்டும் என்று சொன்னார். இந்துஸ்தானியே பொது மொழி, அதை ரோமன் எழுத்தில் எழுதலாம் என்றும் சொன்னார். இந்தி, உருது எழுத்துச் சண்டையைத் தீர்க்க அது புத்திசாலித்தனமான வழிதான். ஆனால் நம் சண்டை எழுத்தைப் பற்றியதா? கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறை சென்ற நடராசன் அந்தத் தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு, 1939 ஜனவரி 15இல் மாண்டார். மார்ச்சில் திரிபுரியில் காங்கிரஸ் கூடிய நாட்களிலேயே தாளமுத்துவும் மாண்டார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு, எந்த எழுத்தில் எழுதினாலும் திணிப்பு திணிப்புத்தான் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இனி வெளிநாட்டுக் கொள்கை. இதில்தான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒரு நாட்டோடு உறவு கொள்ளும்போது அந்நாட்டின் உள் அரசியல் எப்படிப்பட்டது என்பதைப் பார்க்கக் கூடாது என்றார் போஸ். பொதுவுடைமை ரஷ்யாவே முதலாளி நாடுகளோடு ஒப்பந்தம் செய்து கொள்ளவில்லையா என்று உதாரணமும் காட்டினார். கேட்பதற்குச் சாமர்த்தியமாகத்தான் இருக்கிறது. பண்ணையாரோடு வழக்காடப் பணம் வேண்டும், கொடுக்கிறவன் யாராயிருந்தால் என்ன என்று அடுத்த ஊர் வட்டிக்கடைக்காரனிடம் நிலத்தை எழுதிக் கொடுப்பவனும் இப்படித்தான் பேசுகிறான்.

போஸ் ஹிட்லரின் அடிமை என்று நாம் சொல்லவில்லை. 1936இல் அய்ரோப்பாவை விட்டுக் கிளம்பும்போது, ஹிட்லர் இந்தியரை இழிவாகப் பேசியதைக் கண்டித்து எழுதியவர் அவர். ஆனால் இந்தியா யூத அகதிகளுக்குப் புகலிடமாக வேண்டுமென்று நேரு தீர்மானம் கொண்டுவந்தபோது தாம் திடுக்கிட்டதாக 1939 மார்ச்சில் நேருவுக்குக் கடிதம் எழுதியவரும் அவரே. அதற்கு நாலு மாதம் முன்னால்தான் ஜெர்மனியில் யூதர்களின் கோயில்களும் கடைகளும் கொளுத்தப்பட்டன. நம்மைப் பழித்தால் கோபம், பிறத்தியானை வீட்டோடு கொளுத்தினால் அது அவர்கள் உள்விவகாரம் என்றால், பிறவியால் தாழ்த்தப்பட்டோம் என்று முறையிடும் நம்மால் அதை எப்படி ஏற்க முடியும்?

வேறொரு விஷயத்தில் அவர் கணக்குச் சரியாயிருந்தது. அய்ரோப்பாவில் யுத்தம் வரப்போகிறது, பிரிட்டிஷாருக்கு ஆறு மாதத் தவணை கொடுங்கள் என்று திரிபுரியில் சொன்னார். ஆறு மாதத்திற்குள், செப்டம்பர் 3இல், பிரிட்டன் யுத்தத்தில் இறங்கியது. அன்று அவரைத் தள்ளியவர்களே 1942இல் "வெள்ளையனே வெளியேறு" என்றார்கள். காலத்தைக் கண்டவர் கூட்டாளியைக் காணவில்லை. அவர் பின்னால் கைகோத்த ஜப்பான், மலேயாவிலிருந்து தமிழ்க் கூலிகளைப் பிடித்துக்கொண்டு போய் சயாம் - பர்மா ரயில் பாதையில் பல்லாயிரக்கணக்கில் சாகவிட்டது. அதே மலேயாத் தோட்டத் தமிழர்கள் அவருடைய படையிலும் சேர்ந்தார்கள். அவர்கள் வீரத்தை நாம் குறைக்கவில்லை. தண்டவாளத்தின் கீழே கிடப்பவர்களையும் சேர்த்து எண்ணச் சொல்கிறோம்.

தேர்தலில் போஸ் 1,580 ஓட்டு வாங்கி இருநூற்றுச் சொச்சம் வித்தியாசத்தில் ஜெயித்தார். வங்காளம் வங்காளிக்கும் ஆந்திரம் ஆந்திரருக்கும் அள்ளிக் கொடுத்தன. அங்கே கொள்கை எவ்வளவு, ஊர்ப்பாசம் எவ்வளவு என்பதை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள். ஜெயித்து என்ன? பட்டாபியின் தோல்வி தம்முடைய தோல்வி என்றார் காந்தியார். காரியக் கமிட்டிக்காரர்கள் ராஜினாமாச் செய்தார்கள். காந்தியார் விருப்பப்படியே கமிட்டி அமைக்க வேண்டுமென்று திரிபுரியில் தீர்மானம் போட்டார்கள். ஏப்ரல் 29இல் போஸ் விலகினார். ஓட்டுப் போட்ட ஆயிரத்து அய்ந்நூற்று எண்பது பேரும் ஒரு மனிதருக்கு ஈடாகவில்லை. சமஷ்டி ஆட்சி விஷயத்தில் வலதுசாரிகள் பிரிட்டிஷாரோடு ராஜியாகப் போகிறார்கள் என்று போஸ் ருசு காட்டாமல் குற்றஞ்சாட்டியதும் தப்புத்தான். அதற்காக ஓட்டைச் செல்லாமலடிப்பதா?

"அப்படியானால் நீங்கள் அன்று யாருக்கு ஓட்டுப் போட்டிருப்பீர்கள்?" என்று முன்வரிசையிலுள்ள தோழர் ஒருவர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். போஸுக்குத்தான் போட்டிருப்போம். நிலத்திற்காகவும், திட்டத்திற்காகவும், கேள்வி கேட்கலாம் என்று அவர் சொன்னதற்காகவும். போட்டுவிட்டு மறுநாளே, அந்த யூத அகதிகள் விஷயத்தில் நீர் செய்வது தப்பு என்று அவருக்கு ஒரு கார்டும் எழுதியிருப்போம்.

இன்னும் இரண்டு சீட்டு வந்திருக்கிறது. ஒன்றில் கையெழுத்துப் புரியவில்லை. எழுதியவர் எழுந்து கேட்கலாம்.