டயர் போனால் போகட்டும், முதலில் ஆட்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வெளிநாடுகளில் கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்த வேனில் மாதக்கணக்கில் ஊர் சுற்றுகிறார்கள். நம் பக்கம் கேரவன் என்றால் சினிமா படப்பிடிப்புதான் நினைவுக்கு வரும். ஆனால் வண்டியே வீடாக இருப்பது சங்ககிரிக்குப் புதிதல்ல. நம் லாரி டிரைவர்கள் கேபினில் படுத்து, ஓரமாக நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்டு வடநாடு போய் வருகிறார்கள். நாமும் சபரிமலைக்கு வேன் பிடித்தால் மூன்று நாளைக்கு அந்த வேன்தான் வீடு. ஆகவே டயர் விஷயத்தை டிரைவர் பாடு என்று விட்டுவிடக் கூடாது.

முதலில் பராமரிப்பு. ஓடாத வண்டிக்கு டயர் கெடாது என்று பலர் நினைக்கிறோம். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, மாதக்கணக்கில் வாசலில் நிற்கும் கார்கள் நம் தெருவில் உண்டு. நின்றபடியே காற்று இறங்கும். வெயிலில் ரப்பர் வெடிப்பு விடும். வாரம் ஒருமுறையாவது சிறிது தூரம் ஓட்டுங்கள்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பட்டன் நன்றாக இருந்தாலும் வயதைப் பாருங்கள். பட்டனின் பள்ளத்துக்குள் சிறு மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்தால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான். உடனே மாற்றிவிட வேண்டும்.

காற்று எத்தனை பாயிண்ட் என்பது டிரைவர் பக்கக் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். ஆள் நிறைய ஏறி, சாமானும் ஏற்றினால் அதற்குத் தனி அளவு போட்டிருப்பார்கள். காலையில் டயர் சூடாகும் முன் பிடிப்பதே சரியான கணக்கு. காற்று குறைந்த டயர் ஓட ஓட மடங்கி மடங்கிச் சூடேறும்; கோடையில் டயர் வெடிப்பதற்கு இது முக்கியக் காரணம். லாரிக்காரர்கள் கிளம்பும் முன் ஒவ்வொரு டயரையும் கம்பியால் தட்டிச் சத்தம் கேட்பார்கள். நம்மில் பலர் ஸ்டெப்னியைத் தொட்டே பார்ப்பதில்லை.

இனி வழியில் நடந்தால் என்ன செய்வது? டயர் வெடித்தால் ஸ்டியரிங்கை இறுகப் பிடியுங்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறைந்த பின் இடது ஓரம் ஒதுங்குங்கள். பாலத்திலோ வளைவிலோ நிற்க வேண்டாம். டயர் கிழிந்தாலும் பரவாயில்லை, மெதுவாக உருட்டிக்கொண்டு அகலமான இடத்துக்குப் போங்கள். டயர் சில ஆயிரம் ரூபாய், வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்.

நின்றதும் நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். எல்லோரும் இடது பக்கமாக இறங்கட்டும். குழந்தைகளும் பெரியவர்களும் தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். வண்டிக்கு முன்னால் நிற்கக் கூடாது. பின்னால் வரும் வண்டி மோதினால் நம் வண்டியே அவர்கள் மேல் பாயும். சேலம் - கோவை தேசிய நெடுஞ்சாலை 544இல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் கடக்கும். எச்சரிக்கை முக்கோணத்தை 50 மீட்டரில் வைத்தால் அந்த டிரைவருக்குக் கிடைப்பது இரண்டே கால் விநாடி. 100 மீட்டர், அதாவது சுமார் 130 தப்படி தள்ளி வையுங்கள். முக்கோணம் இல்லாமல் கல்லும் தழையும் வைத்தவர்கள், கிளம்பும்போது கல்லை அப்புறப்படுத்துங்கள். விட்டுவிட்டுப் போன கல் இரவில் பைக்கில் வருபவர் உயிரை வாங்கும்.

வண்டி வலது ஓரத்தில் மாட்டிக்கொண்டாலோ, இருட்டாக இருந்தாலோ, வலது பக்க டயரை நீங்களே கழற்ற உட்காராதீர்கள். நெடுஞ்சாலை உதவி எண் 1033. எந்த நேரமும் அழைக்கலாம். அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொல்லுங்கள். அடிபட்டவர் இருந்தால் 108.

நீங்களே மாற்றுவதானால் சமதளமாகப் பாருங்கள். ஹேண்ட் பிரேக், முதல் கியர், மூலைக்கு மூலை எதிர்ச் சக்கரத்துக்குக் கல் முட்டு. நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கி போடுங்கள். வண்டிக்கு அடியில் கை, கால், தலை நுழையக் கூடாது. மாட்டும்போது எதிரெதிர் நட்டாக முடுக்குங்கள். 50 கிலோமீட்டர் போனதும் மறுபடி ஒருமுறை முடுக்கிப் பாருங்கள்.

வரும் ஞாயிறு காலை டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியில் காற்று, ஜாக்கி, வீல் ஸ்பேனர், முக்கோணம், டார்ச் இந்த ஐந்தும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். யார் எங்கே நிற்பது என்று வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள். அவசரத்தில் அதை விளக்க நேரம் இருக்காது.