பொழுது காட்டாத பொறி
(திங்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற திங்கள் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த பொழுது, நம் தம்பி ஒருவர் என்னருகே வந்து நின்றார். பெயர் வேண்டா, அவரும் இவ்வவையில்தான் அமர்ந்திருக்கிறார். அவர் தங்கைக்குத் திருமணம் பேசி முடித்திருக்கின்றனர். மாப்பிள்ளை படித்தவர், நல்ல பணியில் இருப்பவர். பொன்னும் பொருளும் வேண்டா என்று சொல்லிவிட்டாராம். கேட்டது ஒன்றே ஒன்று: கையில் கட்டிக்கொள்ளச் சுவிட்சர்லாந்தில் செய்த ஓர் எஃகு மணிப்பொறி. விலை பத்து இலக்கம் உருபாவுக்கு மேல். "மாமா, இது செலவில்லை, பொன் வாங்கி வைப்பது போலத்தான். ஆண்டுக்காண்டு ஏறுமே ஒழிய இறங்காது" என்று பெண்ணின் தந்தையாருக்கு விளக்கமும் சொல்லியிருக்கிறார். அந்தப் பெரியவர் தமக்கிருக்கும் ஒன்றரைக் காணியில் அரைக் காணியை விற்க ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார். தம்பி என்னிடம் கேட்டது ஒரே வினா: "ஐயா, மாப்பிள்ளை சொல்வது மெய்தானா?"

எனக்கு அன்று விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்தாற்போல் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. "அடுத்த திங்கள் சொல்கிறேன்" என்றேன். இத்திங்கள் முழுதும் அதுபற்றியே படித்தேன். படித்ததை உங்கள் அனைவர் முன்னும் சொல்லிவிடுவது நலம் என்று கருதுகிறேன். அந்தப் பெரியவரின் நிலையில் நாளை நம்முள் எவரும் நிற்க நேரிடலாம்.

முன்னதாகச் சொல் பற்றி ஒரு சொல். கடிகாரம் என்பதன் பிறப்புக் குறித்து அறிஞரிடை வழக்கு உண்டு. அதனுள் இன்று புகேன். மணிப்பொறி என்றே சொல்லிச் செல்கிறேன். பொழுதளக்கும் கருவி நமக்குப் புதியதன்று. நாழிகை வட்டிலும் கன்னலும் வைத்து அளந்தவர்கள் நம் முன்னோர். முல்லைப்பாட்டின் பாசறையில், பொழுதை அளந்து அரசனுக்கு அறிவிப்போர் வருகின்றனர். அவர்தம் அளவை பொய்க்கலாகாது என்பதே அவர்தம் பெருமையாக இருந்தது. பொழுதளக்கும் கருவிக்கு உரிய பெருமையும் அதுதானே?

சுவிட்சர்லாந்துக்காரர் இத்தொழிலில் பெற்ற பெயரும் அவ்வாறு வந்ததே. அதை நான் குறைத்துப் பேச வரவில்லை. சூரா மலைப்பகுதி பனியால் மூடிக் கிடக்கும் குளிர்காலத்தில், உழவுக்கு வழியில்லாத குடும்பங்கள் சாளரத்தருகே அமர்ந்து நுண்ணிய பல்லாழிகளையும் திருகுகளையும் அறுத்தெடுத்தன. ஒரு வீட்டில் ஓர் உறுப்பு. மற்றொரு வீட்டில் மற்றோர் உறுப்பு. காரல் மார்க்சு தம் 'மூலதனம்' நூலில், ஒரு மணிப்பொறிக்குப் பின்னால் எத்தனை வகைத் தொழிலாளர் இருக்கின்றனர் என்று நீண்டதொரு பட்டியலே தருகிறார். உரசியாவின் குரோப்போட்கின் 1872-இல் அம்மலைத் தொழிலாளரிடையே சென்று பழகினார். அவர்தம் தற்சார்பும் தெளிவும் கண்டே தாம் அரசின்மைக் கொள்கையர் ஆனதாகத் தன் வரலாற்றில் எழுதினார். கைத்திறனும் தன்மானமும் ஒருங்கே உடையராக அவர்கள் இருந்தனர். அந்தக் கைகளை நான் வணங்குகிறேன்.

ஆனால் 1969-ஆம் ஆண்டு திசம்பர் 25-ஆம் நாள் சப்பானில் ஒன்று நிகழ்ந்தது. செய்க்கோ நிறுவனம் 'அசுட்ரான்' என்னும் கைம்மணிப்பொறியை விற்பனைக்கு வைத்தது. அதனுள் கம்பிச்சுருளின் விசைக்கு மாறாக, மின்கலத்தால் அதிரும் குவார்ட்சு என்னும் படிகக்கல் இருந்தது. அன்று அதன் விலை 450,000 யென். ஒரு சிறு மகிழுந்தின் விலை. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அந்நுட்பம் மலிந்தது. இன்று சாலையோரத்தில் விற்கும் மணிப்பொறிக்குள்ளும் நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகக்கல் இருக்கிறது. அது திங்களுக்குப் பதினைந்து, இருபது நொடி பிழைத்தாலே மிகுதி. நுண்ணளவுச் சான்று பெற்ற சுவிட்சர்லாந்துக் கம்பிச்சுருள் மணிப்பொறிக்கோ, நாளொன்றுக்கு நான்கு நொடி பின்தங்கவும் ஆறு நொடி முந்தவும் அந்தச் சான்றே இடம் தருகிறது. தோழர்களே, கணக்கிட்டுப் பாருங்கள்! ஐந்நூறு உருபாப் பொறி, பத்து இலக்கம் உருபாப் பொறியைவிடச் சரியாகப் பொழுது காட்டுகிறது.

இந்த உண்மை சுவிட்சர்லாந்தின் அடித்தளத்தையே உலுக்கியது. 1970 அளவில் அத்தொழிலில் ஏறத்தாழ 90,000 பேர் இருந்தனர். எண்பதுகளின் இடையில் அவர்களுள் முப்பதாயிரத்துச் சொச்சம் பேரே எஞ்சினர். ஊர் ஊராகப் பட்டறைகள் மூடப்பட்டன. அதிலிருந்து மீள அவர்கள் இரண்டு வழிகளைக் கண்டனர். ஒன்று, 1983-இல் வந்த சுவாட்சு: 51 உறுப்புகளே கொண்ட, ஞெகிழியால் ஆன மலிவான படிக மணிப்பொறி. நேர்மையான வழி, அதில் எனக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

மற்ற வழிதான் நம் தம்பி வீட்டு வாயில்வரை வந்து நிற்பது. பொழுது காட்டுவதில் வெல்ல இயலாது என்று தெரிந்த பின், பொழுதை விடுத்து, கட்டியிருப்பவர் யார் என்பதைக் காட்டும் பொருளாக மணிப்பொறியை மாற்றினர். இதற்கான வித்து முன்னரே இடப்பட்டிருந்தது. ஓடமார் பிகே என்னும் நிறுவனம் 1972-இல் 'இராயல் ஓக்கு' என்றொரு வகையை வெளியிட்டது. செரால்டு செண்டா என்பவர் வடிவமைத்தது, வெறும் எஃகு. விலையோ 3,300 பிராங்கு. பொன்னால் செய்த பல மணிப்பொறிகளைவிட அதிகம். 1976-இல் பாடெக்கு பிலிப்பு நிறுவனத்துக்கும் அவரே 'நாட்டிலசு' என்னும் எஃகு வகையை வடிவமைத்துத் தந்தார். உலகின் மிகு விலை மணிப்பொறிகளுள் ஒன்று எஃகினால் ஆனது என்பதையே அந்நிறுவனம் பெருமையாக விளம்பரம் செய்தது. எஃகின் விலை என்ன என்பது இங்கிருக்கும் கொல்லர் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியாயின் மீதி விலை எதற்கு?

தோர்சுட்டீன் வெப்ளன் என்னும் பொருளியல் அறிஞர் இதனை 1899-லேயே எழுதிவிட்டார். செல்வர்கள் சில பொருள்களை அவற்றின் பயன் கருதி வாங்குவதில்லை. விலை மிகுதி என்பதற்காகவே வாங்குகின்றனர். விலை குறைந்தால் அப்பொருளின்மேல் வேட்கையும் குறையும் என்றார். கத்தரிக்காய்க்கு இந்த நெறி செல்லாது! பகட்டுப் பொருளுக்கு மட்டுமே செல்லும்.

விளம்பரத்தின் வல்லமைக்கு ஒரு செய்தி சொல்கிறேன். 1927-இல் மெர்சிடிசு கிளைட்சு என்னும் இளம்பெண் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள கால்வாயை நீந்திக் கடந்தார். சிலர் ஐயுற்றதால் அதே திங்களில் மறுபடியும் இறங்கினார். இம்முறை உரோலெக்சு நிறுவனத்தை நிறுவிய ஆன்சு வில்சுடோர்பு கொடுத்த, நீர் புகாத மணிப்பொறியொன்று அவரிடம் இருந்தது. கடுங்குளிர், பல மணிநேரம் நீந்திய பின் கரை சேராமலே அவரைப் படகில் தூக்கினர். நீந்தியவர் கரை சேரவில்லை. மணிப்பொறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த திங்கள் இலண்டன் நாளிதழின் முதற்பக்கத்தில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. வெற்றி யாருடையது என்று அதில் எழுதியிருப்பர் என நினைக்கிறீர்கள்?

இனி, விலை எப்படி ஊதப்படுகிறது என்பதற்கு வருவோம். உரோலெக்சின் 'டேட்டோனா' வகையில் ஒருசில மணிப்பொறிகளின் முகப்பு, அறுபதுகளில் எவருக்கும் பிடிக்கவில்லை. கடைகளில் விலை போகாமல் கிடந்தன. அவற்றுள் ஒன்றை அமெரிக்க நடிகர் பால் நியூமனுக்கு அவர் துணைவியார் வாங்கிக் கொடுத்தார். பந்தயத்தில் வண்டி ஓட்டும் கணவர்மீது கொண்ட கவலையால், பார்த்து ஓட்டும்படி அதன் பின்புறத்தில் எழுத்தும் பொறித்துக் கொடுத்தார். அழகிய அன்பு. அன்று சில நூறு தாலருக்குள் வாங்கிய அதே பொறி, 2017-இல் நியூயார்க்கு ஏலத்தில் 1 கோடியே 77 இலக்கம் தாலருக்கு மேல் போயிற்று. பல்லாழி கூடிற்றா? இல்லை. பொழுது சரியாகக் காட்டிற்றா? அதுவும் இல்லை. கூடியது பெயர் ஒன்றே.

அடுத்தது, காத்திருப்போர் பட்டியல். அங்காடிக்குச் சென்று பணத்தை எடுத்து வைத்தாலும் புகழ்பெற்ற வகைகள் கிடைப்பதில்லை. பெயரை எழுதி வைக்க வேண்டும்; ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்; பல இடங்களில் வேறு பொருள்களை வாங்கி முகவரின் நல்லெண்ணத்தைப் பெறவும் வேண்டும். பணம் கொடுப்பவன் விற்பவனிடம் தகுதி மெய்ப்பிக்கும் வாணிகத்தை வேறெங்கேனும் கண்டதுண்டா? இத்தட்டுப்பாடு தாங்கள் வேண்டுமென்று செய்வதன்று என்று உரோலெக்சு நிறுவனம் 2021-இல் அறிக்கை விட்டது. தரம் குறையாமல் இதற்கு மேல் செய்ய இயலாது என்றது. அதையும் சொல்லிவிடுவதே முறை. ஆனால் மொத்தத் தொழிலின் கணக்கைப் பாருங்கள். 2011-இல் சுவிட்சர்லாந்து ஏற்றுமதி செய்த மணிப்பொறிகள் ஏறத்தாழ 2 கோடியே 98 இலக்கம். ஏற்றுமதி வருவாய் 1,930 கோடி பிராங்கு. 2023-இல் மணிப்பொறிகள் 1 கோடியே 69 இலக்கமாகச் சுருங்கின. வருவாயோ 2,670 கோடி பிராங்காக உயர்ந்தது. எண்ணிக்கை குறைய, பணம் பெருகிற்று. கூடிய பணம் எதற்குக் கொடுத்த பணம் என்று யான் சொல்ல வேண்டுவதில்லை.

என் கையில் இருப்பது 1974-இல் வாங்கிய எச்.எம்.டி. மணிப்பொறி. பெங்களூரில் சப்பானின் சிட்டிசன் நிறுவன உதவியோடு 1961-இல் தொடங்கிய ஆலையில் பிறந்தது. அதற்கும் காத்திருந்தேன், ஏறத்தாழ ஐந்து திங்கள். கேட்டோர் எல்லார்க்கும் செய்து கொடுக்க அன்று அவர்களால் இயலவில்லை. மெய்யான தட்டுப்பாடு அது. பின்னர் 1984-இல் தமிழ்நாட்டரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா நிறுவனத்தாரும் கூடி, ஓசூரில் ஆலை கொண்ட படிக மணிப்பொறி நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் பெயர் டைட்டன் என்று எல்லாரும் அறிவீர்கள். டாட்டா தொழில் நிறுவனம், தமிழ்நாடு ஆகிய இரண்டின் ஆங்கில முன்னெழுத்துகளைச் சேர்த்துக் கட்டிய பெயர் அது என்பதை எத்தனை பேர் அறிவீர்கள்? நம் பெயர் ஆங்கில எழுத்துக்குள் ஒளிந்து கொண்டிருக்கிறது! அது போகட்டும். எச்.எம்.டி. மணிப்பொறி ஆலைகளை மூட நடுவணரசு 2016-இல் முடிவு செய்தது. ஆலை மூடப்படும் செய்தி கேட்டு, முன்னர்த் திரும்பிப் பாராதவர்களும் பழைய எச்.எம்.டி.யைத் தேடித் தேடி வாங்கினர். கிடைக்காது என்றால்தான் வேட்கை பிறக்கும் போலும்.

இப்போது தம்பியின் வினாவுக்கு விடை. விலை ஏறுமே ஒழிய இறங்காது என்பது மெய்யா? மெய்யன்று. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 முதல் 2022 தொடக்கம் வரை, இந்த விலைகள் தாறுமாறாக ஏறின என்பது உண்மை. அங்காடியில் 15,000 தாலருக்கும் குறைவாகக் குறித்திருந்த எஃகு டேட்டோனா, வெளியில் மும்மடங்குக்குக் கைமாறியது. 2021 திசம்பரில், 52,000 தாலர் அளவு விலை குறித்த நாட்டிலசு ஒன்று ஏலத்தில் 65 இலக்கம் தாலருக்குப் போனது. அத்தொகை அறப்பணிக்குச் சென்றது என்பது வேறு. இவற்றைக் கண்டு உலகெங்கும் இளைஞர் பலர், அணிந்து பார்க்கும் எண்ணம்கூட இல்லாமல், விற்பதற்கென்றே வாங்கினர். 2022-ஆம் ஆண்டின் இளவேனிலில் உச்சி, பின்னர் இறக்கம். பெயர்பெற்ற வகைகள் சில ஓராண்டு, ஈராண்டுக்குள் தம் உச்சிவிலையில் மூன்றிலொரு பங்கும் அதற்கு மேலும் இழந்தன. உச்சியில் வாங்கியவன் யாரிடம் சென்று முறையிடுவான்?

பொன்னோடு ஒப்பிடுவதும் பிழை. பொன்னை எந்த ஊரிலும் உரைத்துப் பார்த்து, நிறுத்துப் பார்த்து வாங்குவர். மணிப்பொறியை விற்கச் சென்றால், பெட்டி எங்கே, தாள் எங்கே, கீறல் ஏன், இடையில் உறுப்பு மாற்றினீரா என்று நூறு வினா. இடைத்தரகன் தன் பங்கை எடுத்துக்கொண்டே மீதியைத் தருவான். மேலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துத் துடைத்து எண்ணெயிட வேண்டும். அதற்கும் தனிச் செலவு. இன்னொன்று: அவை எல்லாம் ஏறுவதில்லை. சில நிறுவனங்களின் சில வகைகளே ஏறுகின்றன. பிற, கடையை விட்டு வெளியே வந்ததுமே விலை குறைகின்றன.

பெண்ணின் தந்தையாரிடம் நேற்று மாலை நானும் நம் செயலாளரும் பேசினோம். நிலத்தை விற்க இப்போது ஒப்ப வேண்டா என்று கேட்டுக்கொண்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பெண்ணுக்குக் குறை வந்துவிடுமே ஐயா" என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. அந்த விடை மாப்பிள்ளையிடம்தான் இருக்கிறது. அவர் தீயவர் என்று நான் நினைக்கவில்லை. சொன்னதைத் தாமும் நம்பியே சொல்லியிருக்கிறார். ஆகவே நேரில் சென்று, இங்கே சொன்ன கணக்குகளை அவர்முன் வைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். வரும் ஞாயிறு காலை 9 மணிக்குப் பேருந்து நிலையத்தில் கூடுகிறோம். உடன்வர விழைவோர் நால்வருக்கு மேல் வேண்டா. கூட்டமாகச் சென்றால் அச்சுறுத்த வந்ததாக நினைப்பர். தம்பி, நீ உன் தந்தையாரையும் அழைத்து வா.