பெயரைத் திருடுவதும் களவே

(ஓரிக்கையில் நடைபெற்ற விழாவில் ஆற்றிய உரை)



அணுவிரதங்கள் ஐந்தனுள் கள்ளாமை பற்றிப் பேசுமாறு அறக்கட்டளையினர் பணித்தனர். களவு என்றதும் பூட்டை உடைப்பவனே நம் நினைவுக்கு வருகிறான். உமாஸ்வாமிகளோ தத்துவார்த்த சூத்திரத்தில் இவ்விரதத்தைக் குலைக்கும் ஐந்து அதிசாரங்களைச் சுட்டுகிறார். திருடனுக்குத் துணைபோதல், திருட்டுப் பொருளைக் கொள்ளுதல், அரசு விதியை மீறுதல், அளவையில் வஞ்சித்தல், போலியை மெய்யென விற்றல் என்பன அவை. இவற்றுள் முதலாவதும் இறுதியானதும் ஒன்றுகூடும் இடம் இன்று நம் கைபேசிக்குள் இருக்கிறது. அது இணையச் சந்தை.

நம் காஞ்சியையே எடுத்துக்கொள்வோம். உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து கோர்வையால் இணைப்பது இவ்வூர்க் கைத்தறியின் சிறப்பு. 'காஞ்சிபுரம் பட்டு' என்னும் பெயர் 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது. அப்பெயரைப் பொய்யாகச் சூட்டி விற்போருக்கு 1999ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை விதிக்கிறது. ஆயினும் இணையச் சந்தையில் அப்பெயரைத் தேடினால் சில நூறு ரூபாய்ச் சேலைகளும் வந்து நிற்கின்றன. இழை செயற்கை, தறி விசைத்தறி. பெயர் மட்டும் காஞ்சியினுடையது.

பட்டு உடுத்துவதே அகிம்சைக்கு ஒக்குமா என நம்முள் சிலர் வினவலாம். தக்க வினாதான். ஆயினும் நெசவாளியின் பெயரைப் பிறர் கவர்வதற்கு அது நியாயம் ஆகாது.

விற்றவன் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. இடமளித்த சந்தை நிறுவனமோ, "நாங்கள் விற்கவில்லை, கடைத்தெருவை மட்டுமே அமைத்தோம்" என்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு இடையீட்டாளருக்குக் காப்பு அளிக்கிறது. குற்றத்துக்கு உடந்தையானாலோ, அறிந்த பின்னும் நீக்காவிட்டாலோ அக்காப்பு நீங்கும். ஆனால் 'அறிதல்' என்பது நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ கிடைப்பதையே குறிக்கும் என உச்ச நீதிமன்றம் 2015இல் சிரேயா சிங்கால் வழக்கில் விளக்கியது.

2018இல் கிறிஸ்டியன் லூபுட்டான் என்னும் காலணி நிறுவனத்தின் வழக்கில் தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி பிரதிபா எம். சிங் வேறொரு வினாவை எழுப்பினார். பொருளைக் கிடங்கில் வைத்து, தன் உறையிலிட்டு, விளம்பரம் செய்து, தரத்துக்கும் உறுதி கூறும் நிறுவனம் வெறும் இடையீட்டாளர்தானா என்பதே அது. 2020இல் அமேசான், ஆம்வே வழக்கில் அதே நீதிமன்றத்தின் இருநீதிபதி அமர்வு, அத்தகைய பாகுபாடு சட்டத்தில் இல்லை என்றது.

அவ்வாண்டு வந்த மின்வணிக நுகர்வோர் விதிகள், விற்பவரின் பெயரையும் முகவரியையும் காட்டுமாறு சந்தை நிறுவனத்தைப் பணிக்கின்றன. புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்தில் தீர்க்கவும் சொல்கின்றன. பதிப்புரிமை, வணிகக்குறிச் சட்டங்களின்படி நீக்கப்பட்ட பொருளை மீண்டும் மீண்டும் விற்பவர் பற்றிய பதிவேட்டை வைக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் பெயர் அவ்விதியில் இல்லை. அதைச் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஏனெனில், பெரிய நிறுவனத்துக்கு வழக்கறிஞர் உண்டு. பிள்ளையார்பாளையத்து நெசவாளி ஒவ்வொரு போலிச் சேலைக்கும் நீதிமன்றப் படி ஏற இயலுமா? ஒன்றை நீக்கினால் வேறு பெயரில் மற்றொன்று முளைக்கும். அடுத்தடுத்து வரும் போலியை நன்கு அறியக்கூடியது, ஒவ்வொரு விற்பனையிலும் கட்டணம் பெறும் சந்தை நிறுவனமே. ஆதலின் தடுக்கும் பொறுப்பும் அதற்கு இருத்தல் வேண்டும்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினை மூவகைப்படும் என்பது நம் நெறி. போலியை விற்பவன் செய்கிறான். அறிந்தும் இடமளித்துப் பொருளீட்டுபவன் செய்விக்கிறான். மலிவு என்றறிந்தே வாங்குபவர் உடன்படுகிறார். சட்டம் முதலாமவனைப் பற்றிவிட்டது. இரண்டாமவனிடம் தயங்கி நிற்கிறது. மூன்றாவது இடத்தில் நாம் நிற்கலாகாது.

வாங்குமுன் விற்பவர் முகவரியைப் பாருங்கள். பட்டுக்குரிய சில்க் மார்க் முத்திரையும் புவிசார் குறியீட்டு அடையாளமும் உண்டா எனக் கேளுங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடுங்கள். மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் நம் பிள்ளைகளே, இத்தகைய சந்தைகளை உருவாக்கும் வேலை உங்களிடம் வரும் நாளில் கள்ளாமை விரதத்தையும் உடன்கொண்டு செல்லுங்கள்.

அறம் வளர்க!