சிறு படகும் சிறு தீவுகளும்

கடற்பயணம் என்றதும் பெரிய கப்பல்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், கடலை அறிய விரும்புகிறவனுக்குக் கப்பல் அத்துணை ஏற்றதன்று. அதன் மேல்தளத்தில் நிற்பவன் கடலைப் பார்க்கிறான், அவ்வளவே. நீர்மட்டத்துக்குச் சற்றே மேலாக அமர்ந்து, தன் தோள் வலிமையால் ஒரு சிறு படகைச் செலுத்துகிறவனோ, கடல் ஏறுவதையும் வற்றுவதையும் தன் உடம்பாலேயே உணர்கிறான். அத்தகைய படகு ஒன்றைப் பற்றியும், அதில் நண்பர்களுடன் நான் கழித்த ஒரு பகற்பொழுதைப் பற்றியும் மாணவ நேயர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அப்படகின் பெயர் கயாக். வடதுருவத்தை அடுத்த பனிக்கடல்களில் வேட்டையாடி வாழ்ந்த இனுயிட் மக்கள் அமைத்த படகு அது. பெருமரங்கள் வளராத நாடு அவர்களுடையது. ஆகவே, கடல் கரையில் ஒதுக்கிய மரத்துண்டுகளாலும் திமிங்கில எலும்புகளாலும் சட்டம் கட்டி, அதன்மேல் சீல் என்னும் கடல்விலங்கின் தோலை இழுத்துத் தைத்தார்கள். செலுத்துகிறவனின் உடலை அளந்து, சட்டை தைப்பதைப் போலவே படகையும் அமைத்தார்கள். நம் முன்னோரின் கட்டுமரம் தன் தமிழ்ப் பெயரோடு ஆங்கிலத்தில் புகுந்ததைப் போலக் கயாக்கும் தன் சொந்தப் பெயரோடு உலகெங்கும் பரவிற்று. இன்று அது பெரும்பாலும் பிளாஸ்டிக்கினால் செய்யப்படுகிறது. இரு முனைகளிலும் தட்டையான அலகுள்ள ஒரே துடுப்பை வலமும் இடமுமாக மாற்றி மாற்றி வலிக்க வேண்டும். கையால் மட்டும் வலிப்பவன் விரைவில் களைத்துவிடுவான். இடுப்புக்கு மேலுள்ள உடலைத் திருப்பி வலிப்பவன் நெடுநேரம் தாங்குவான்.

நாங்கள் சென்ற இடம் சிங்கப்பூரின் வடகிழக்கே, ஜொகூர் நீரிணையில் அமைந்த புலாவ் உபின் தீவு. சாங்கி முனையிலிருந்து மோட்டார் படகில் ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் அதனை அடையலாம். அதன் பரப்பு ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர். கருங்கல்லுக்குப் பெயர்பெற்ற தீவு அது. 1851-ஆம் ஆண்டில் ஒளியேற்றப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குக் கல் தந்தது அதுவே. அதனருகே புலாவ் கெத்தாம், புலாவ் செக்குடு என்னும் இரு குட்டித் தீவுகள் உள்ளன. முன்னது நண்டுத் தீவு. பின்னது தவளைத் தீவு. இவற்றைப் பற்றி மலாய் மக்களிடையே ஒரு கதை வழங்குகிறது. யானையும் பன்றியும் தவளையும் ஜொகூர்க் கரைக்கு நீந்திச் செல்லப் போட்டியிட்டனவாம். கரை சேராதது கல்லாகும் என்பது நிபந்தனை. மூன்றுமே தோற்றன. யானையும் பன்றியும் உபின் தீவாயின. தவளை செக்குடு ஆயிற்று. கடலோடு பந்தயம் கட்டாதே என்று சொல்லாமற் சொல்லும் கதை இது.

நாங்கள் அறுவர் சென்றோம். எங்களுள் மூத்தவர் பல்லாண்டுகள் துடுப்புப் பிடித்துப் பழகியவர். அவரை அண்ணன் என்றே அழைப்போம். புறப்படுமுன் ஒவ்வொருவருடைய மிதவைச் சட்டையையும் அவரே இழுத்துப் பார்த்தார். பின்பு மணலில் ஒரு கணக்கை எழுதிக் காட்டினார். அன்று காலை பத்து மணிக்குக் கடல் ஏற்றம் முற்றும்; மாலை நான்கு மணிக்கு வற்றம் முற்றும். இடையே ஆறு மணி நேரம். வற்றும் நீரைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கு இறங்கும். இரண்டாம் மணியில் இரண்டு. மூன்றாம், நான்காம் மணிகளில் மும்மூன்று. ஐந்தாம் மணியில் இரண்டு. ஆறாம் மணியில் ஒன்று. மாலுமிகள் பொதுவாகக் கொள்ளும் கணக்கு இது. நடுவிலுள்ள இரண்டே மணி நேரத்தில் பாதி நீர் போய்விடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

நண்டுத் தீவின் ஓரமாகச் சென்று, ஜெலுத்தோங் என்னும் சிற்றாற்றுக்குள் நுழைந்தோம். இரு கரையிலும் அலையாத்திக் காடு. உப்புநீரில் வேரூன்றி, அலையின் வேகத்தைத் தணிப்பதால் அதற்கு அப்பெயர். சேற்றில் காற்றுக் கிடைப்பது அரிது. ஆதலின் அம்மரங்களிற் சில தம் வேர்களை மேல்நோக்கி நீட்டி மூச்சுவிடுகின்றன. ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள சிறு நண்டுகளும், சேற்றின்மேல் தத்திச் செல்லும் மீன்களும் எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. எந்திரப் படகாயின் அவை ஓடி ஒளிந்திருக்கும்.

மணி பன்னிரண்டை நெருங்கிற்று. இளையவனான நண்பனுக்கு அவ்விடத்தை விட்டு வர மனமில்லை. “இன்னும் ஒரு மணி நேரம் இருப்போம், அண்ணா” என்றான். “தம்பி, கடல் நம்மைக் கேட்டுக்கொண்டு வற்றுவதில்லை. இனி மூன்றாம் மணி. தாமதித்தால் படகு சேற்றில் அமர்ந்துவிடும், இறங்கினால் நாமும் முழங்கால்வரை புதைவோம்” என்றார் அண்ணன். வெளியே வந்தோம்.

நீரிணையில் எதிர்க்காற்று வீசியது. நீரோட்டமும் காற்றும் எதிரெதிரே சந்திக்கும்போது அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். பாதி வழியில் இளையவன் களைத்தான். அவன் முகம் வெளுத்தது. அண்ணன் உடனே எங்கள் அனைவரையும் அழைத்து, ஆறு படகுகளையும் அடுத்தடுத்துச் சேர்த்து, ஒருவர் படகை ஒருவர் பற்றிக்கொள்ளச் செய்தார். தனித்தனியே தள்ளாடிய படகுகள் ஒன்றாய்ச் சேர்ந்ததும் தெப்பம்போல் நிலைத்தன. அவன் நீர் அருந்தி இளைப்பாறினான். துடுப்பைத் தொடாத அச்சில நிமிடங்களிலும் நாங்கள் கரையை நோக்கியே சென்றோம். வற்றும் நீர் எங்களைச் சுமந்தது. சிற்றாற்றில் எங்களைச் சிறைப்படுத்தியிருக்கக்கூடிய அதே வற்றம் இப்போது துணையாயிற்று. மீண்டும் புறப்பட்டபோது அண்ணன் இளையவனையே முன்னே செல்லவிட்டார். அவன் வேகமே எங்கள் அனைவரின் வேகமும் ஆயிற்று.

மாலையில் தீவின் கீழ்க்கோடியிலுள்ள செக் ஜாவாவுக்கு நடந்து சென்றோம். நீர் விலகிய இடத்தில் கடற்புல் வெளியும் மணல் திட்டும் விரிந்து கிடந்தன. அப்பால் தவளைத் தீவின் பாறைகள் தெரிந்தன. இந்த இடம் ஒருகாலத்தில் மண்ணுக்குள் மறைய இருந்தது. நில மீட்புக்காக இதனைத் தூர்ப்பதென 1992-ஆம் ஆண்டில் திட்டமிடப்பட்டது. 2001 டிசம்பரில் வேலை தொடங்க இருந்தது. அதற்கு ஓராண்டு முன்புதான், வற்றத்தின்போது இங்கு வெளிப்படும் உயிர்ச் செல்வம் இயற்கை ஆர்வலர்களின் கண்ணில் பட்டது. தொண்டர்கள் உயிரினங்களைக் கணக்கெடுத்தார்கள். பொதுமக்கள் திரளாக வந்து பார்த்தார்கள். அரசுக்குக் கடிதங்கள் எழுதினார்கள். 2002 ஜனவரியில் அரசு அத்திட்டத்தை ஒத்திவைத்தது. 2007-ஆம் ஆண்டில் அங்கே மக்கள் நடந்து காண ஒரு பாதை திறக்கப்பட்டது.

நேயர்களே, கடல் நிறைந்திருக்கும்போது செக் ஜாவா வெறும் நீர்ப்பரப்பு. அதனைத் தூர்ப்பதில் இழப்பு ஒன்றுமில்லை என்றே யாருக்கும் தோன்றும். நீர் வற்றும் வேளையறிந்து, நின்று பார்த்தவர்களுக்குத்தான் அங்கே ஓர் உலகம் இருப்பது தெரிந்தது. அறியாத ஒன்றுக்காக எவரும் வாதாட முடியாது. கயாக் போன்ற சிறு படகின் பெருமையும் இதுவே. அது நம்மை விரைவாக எங்கும் கொண்டுசேர்ப்பதில்லை. கடலின் வேளைக்குக் காத்திருக்கவும், களைத்தவனுக்காக நிற்கவும், அருகிருப்பதைக் கூர்ந்து காணவும் பழக்குகிறது. நீங்கள் வாழும் ஊரிலும் ஓர் ஆறோ, ஏரியோ, கடற்கரையோ இருக்கும். தக்க துணையோடும் தக்க பாதுகாப்போடும் ஒருமுறை அதனருகே மெல்லச் சென்று பாருங்கள். அங்கே வாழ்வன எவை என்று அறிந்து வாருங்கள். நாளை அவற்றுக்காகப் பேச வேண்டியவர்கள் நீங்களே.