பாத்திக்கு வரப்பு



நம் காலனித் தோட்டத்துக்குக் காங்கிரீட் வரப்புக் கட்ட முடிவு செய்துள்ளோம். அதற்குமுன் நான் செய்த பிழையைக் கேட்டருள வேண்டுகிறேன்.

மூணாற்றில் தேயிலைத் தோட்ட லயத்தில் என் தங்கை வாழ்கிறாள். (குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் பாதையை 1924ஆம் ஆண்டு வெள்ளம் அழித்திராவிடில், அங்கேயே எனக்கும் ஒரு மேசை கிடைத்திருக்கும்!) அவளுக்கு இருப்பது ஒரே உருளைக்கிழங்குப் பாத்தி. ஒரு மார்கழியில் அதற்கு நானே வரப்பு வார்த்தேன். மேல்மண்மீதே கலவையைக் கொட்டினேன். இடைவெளியும் விடவில்லை, நீர் வடியத் துளையும் வைக்கவில்லை. அன்றிரவு உறைபனி. நீர் உறையுங்கால் நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்குமல்லவா? இறுகாத காங்கிரீட்டின் மேற்புறம் செதிள் செதிளாய் உதிர்ந்தது. அதையாவது பொறுக்கலாம். ஆனி மழையில் பாத்தி குளமாகிக் கிழங்கெல்லாம் அழுகிவிட்டது. தங்கை ஒன்றும் சொல்லவில்லை. கடையில் கிழங்கு வாங்கி எனக்குச் சமைத்துப் போட்டாள்.

மறு ஆண்டு அதை உடைத்தெறிந்தோம். ஒரு சாண் ஆழம் தோண்டி, நான்கு அங்குலம் சரளை இட்டு இடித்தோம். சிமெண்டு ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நான்கு, தண்ணீர் மட்டாக. நான்கடிக்கு ஓர் இடைவெளி, தாழ்ந்த பக்கம் துளைகள். இரவில் வைக்கோலும் சாக்கும் போர்த்தினோம். மண்ணே ஆழமாய் உறைந்து வரப்பைத் தூக்கிவிடும் குளிர்நாடுகளில் சரளை இன்னும் ஆழமாக வேண்டும்.

பாலக்காட்டில் பனி உறைவதில்லை. ஆயினும் வெயிலுக்கு இடைவெளியும் மழைக்குத் துளையும் இங்கும் வேண்டும். ஏழு நாள் ஈரமும் காக்க வேண்டும். ஞாயிறன்று வேலை தொடங்குகிறோம். பழைய சாக்கு இருப்பவர்கள் நனைத்துப் போர்த்தக் கொண்டு வாருங்கள்.